ஹில்டா என்று ஐந்து பேர்

மருந்துக் கொட்டகையின் சுவர்க் கடிகாரத்தில் காலை ஆறு மணி நாற்பது நிமிடம். நான் முதலில் பார்த்தது ஒரு வெள்ளைச் செருப்பை. கம்பளியை மூங்கிலில் கட்டித் தூளியாக்கி நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூளியின் ஓரத்தில் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செருப்பு அந்தக் காலில் இருந்தது. மற்றொரு செருப்பு கொட்டகை வாசலிலேயே கிடந்தது. அதை எடுத்துக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

தூளியில் கிடந்தவர் எங்கள் நர்சம்மா. ஒன்பது நாளாகக் காய்ச்சல். கரியாலூர் வரை தூளி, அங்கிருந்து ஜீப் என்று பேசிக்கொண்டார்கள். புரட்டாசி மாதம். பாதையெல்லாம் சேறு. தூக்கிப்போனவர்களில் ஒருவர் பலா மரத்தடியில் வழுக்கி முழங்காலிட்டார். தூளி ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது. உள்ளிருந்து சத்தம் எதுவும் வரவில்லை.

உண்டு உறைவிடப் பள்ளியில் என்னோடு படித்த உங்களுக்கு அந்தப் புரட்டாசி வேறு விதமாக நினைவிருக்கும். காய்ச்சல் பரவியதால் பள்ளியை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். உங்களில் பலருக்கு அது விடுமுறை. நான் அப்போது நான்காம் வகுப்பு. எங்கள் ஊரில் பதினாறு வீடுகள். அந்தச் சமயத்தில் ஊரில் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதை எழுதக் காரணம் அதுதான்.

நர்சம்மாவின் பெயர் ஹில்டா. நாகர்கோவில் பக்கத்துக்காரர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது வந்தவர். ஊருக்கு வந்த புதிதில் அவர் முதலில் பிரசவம் பார்த்தது பக்கத்து வீட்டு அத்தைக்கு. அத்தைக்கு அதற்கு முன் மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் பிழைக்கவில்லை. நான்காவது பிழைத்தது. பெண். என்னை விட இரண்டு வயது சின்னவள். பிழைக்க வைத்தவர் பெயரையே பிள்ளைக்கு வைப்பது என்று அத்தையும் மாமாவும் முடிவு செய்தார்கள்.

அடுத்த ஆண்டுகளில் நர்சம்மா பிரசவம் பார்த்த வீடுகளில் மேலும் நான்கு பெண்களுக்கு அதே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருள்ள பிள்ளை சாகாது என்பது ஊரின் எண்ணம். முதல் ஹில்டா, ஓடை ஹில்டா, மாட்டுக்கொட்டாய் ஹில்டா என்று அடையாளம் சொல்லி அழைத்தோம். கடைசி இரண்டு பேரும் கைக்குழந்தைகள் என்பதால் அவர்களுக்கு அடைமொழி இன்னும் வரவில்லை.

"ஏ இல்டான்னு ஒரு கொரல் குடுத்தா போதும், அஞ்சு வூட்லருந்தும் எட்டிப் பாக்குறாளுங்க. இனிமே ஆட்டுக்கும் அதே பேர வெச்சிட்டா மேய்க்கவே வாணாம், தானா வூட்டுக்கு வந்துடும்" என்பார் என் அப்பா. உண்மையில் ஓடைப் பக்கத்து வீட்டில் ஒரு பெட்டை ஆட்டுக்கு அந்தப் பெயர் இருந்தது. நர்சம்மாவுக்கு அது தெரிந்தபோது தடுப்பூசிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

என் பெயர் அப்பாவின் அத்தை பெயர். அதை நான் வெறுத்தேன்.

ஒரு நாள் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் நர்சம்மாவிடம் கேட்டார்கள். "இன்னா சாமி பேருங்க அது?"

"சாமி பேரு இல்ல மக்களே. எங்கப்பா படிச்ச ஸ்கூல்ல ஒரு வெள்ளைக்கார டீச்சர் இருந்தாவ. அவிய பேரு. ஜெர்மன் பாஷையில சண்டைன்னு அர்த்தமாம்."

"சண்டையா!" என்று அத்தை வாயில் கை வைத்துச் சிரித்தாள். "நீங்க எலியக் கண்டா ஸ்டூலு மேல ஏறிக்கிறீங்க. உங்களுக்குப் போயி சண்டைன்னு பேரு வெச்சாங்களே."

பிற்காலத்தில் நான் ஒரு நாளிதழில் மெய்ப்புப் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். அலுவலக நூலகத்தில் பெயர்களுக்கான அகராதி ஒன்று இருந்தது. நர்சம்மா சொன்னது சரியா என்று பார்த்தேன். சரிதான். பழைய ஜெர்மானிய மொழிகளில் போரைக் குறித்த சொல். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு மடத்தின் தலைவிக்கு அந்தப் பெயர் இருந்தது. பிறகு பல நூற்றாண்டுகள் அதை வைப்பவர் குறைந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறுபடி பிடித்துக்கொண்டது. வடக்கு ஐரோப்பாவில் பல நாடுகளில் பெண்களுக்கு அதை வைத்தார்கள். அந்தத் தலைமுறையில் சிலர் ஆசிரியைகளாகக் கப்பலேறி நம் தென் மாவட்டங்களுக்கு வந்தார்கள். அங்கே அந்தப் பெயர் கிறிஸ்தவக் குடும்பங்களில் தங்கியது. ஐரோப்பாவில் சில பத்தாண்டுகளில் அது கிழவிகளின் பெயராகிவிட்டது என்றும் அகராதி சொன்னது. கல்வராயன் மலையில் பதினாறு வீட்டில் ஐந்து பேருக்கு அந்தப் பெயர் இருந்தது அகராதிக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஆவணி கடைசியில் கைக்குழந்தை ஹில்டாக்களில் ஒன்று காய்ச்சலில் இறந்தது. எட்டு நாள் கழித்து மற்றது. அப்புறம் நர்சம்மாவே படுத்தார். அதே காய்ச்சலில் வேறு பெயருள்ள இரண்டு கிழவர்களும் இறந்தார்கள். அவர்களை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

தூளி பலா மரத்தைத் தாண்டி மறைந்ததும் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் சொன்னார்: "பேரு தெரிஞ்சி போச்சி. இனிமே அது அந்தப் பேர சொல்லி சொல்லித்தான் கூப்பிடும்."

அது என்றால் எது என்று யாரும் கேட்கவில்லை.

கீழ்நாட்டுப் பிள்ளைகளான உங்களுக்குத் தவிட்டுக்கு வாங்கும் வழக்கம் தெரிந்திருக்கலாம். பிள்ளை தங்காத வீட்டில் பிள்ளையை ஒரு படி தவிட்டுக்கு வேறொரு வீட்டில் விற்றுவிடுவார்கள். விற்ற பிள்ளை நம் பிள்ளை இல்லை, சாவு வந்து தேடினாலும் கிடைக்காது. பல ஊர்களில் அன்றைக்கே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வார்கள். எங்கள் ஊரில் தை பிறக்கும்வரை மீட்கக் கூடாது. அதுவரை பெற்றவர்கள் அதை அழைக்கவும் கூடாது, மடியில் வைக்கவும் கூடாது. பழைய பெயரை ஊரில் யாரும் சொல்லக் கூடாது. அந்தப் பெயரில் ஒரு பிள்ளை இருந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது.

மீதி இருந்த மூன்று பேரையும் ஒரே காலையில் விற்றார்கள். முதல் ஹில்டாவை வாங்கியது என் அம்மா. அம்மா கொடுத்த சாமைத் தவிட்டை அத்தை முந்தானையில் வாங்கிக்கொண்டாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே பத்தடி கூட இல்லை. பிள்ளைக்குத் தவுட்டம்மா என்று பெயர் வைத்தார்கள். "இனிமே இவ உன் தங்கச்சி" என்றாள் அம்மா. பிள்ளை அழவில்லை. எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டாள்.

அடுத்து, அந்தப் பெயர் எழுதிய பொருள்களை எல்லாம் கொண்டுவரச் சொன்னார் ஊர்க்கவுண்டர். கோயில் முன்னால் நெருப்பு போட்டிருந்தார்கள். எந்தப் பொருளில் பெயர் இருக்கிறது என்று படித்துச் சொல்வது என் வேலை. பெருமையாக இருந்தது. ஒரு சிலேட்டு, ஒரு துணிப்பை, மூன்று மருத்துவ அட்டைகள் வந்தன. முதல் ஹில்டாவுடையதாக ஓர் அலுமினியத் தட்டும் இருந்தது. அதன் விளிம்பில் நர்சம்மா ஆணியால் புள்ளி புள்ளியாகத் தட்டிப் பெயர் பொறித்திருந்தார். விரலால் தடவினால் எழுத்து தெரியும். தட்டு எரியாது என்பதால் அருவி மடுவில் எறியச் சொன்னார்கள். அப்போதுதான் அவள் அழுதாள்.

மருத்துவ அட்டை இளஞ்சிவப்பு நிறம். இரண்டாக மடித்து, எண்ணெய்த்துணியில் சுற்றி, அத்தை வீட்டுக் கூரையில் செருகியிருந்தது. மாமா எடுத்து வந்தார். புகை வாசனை அடித்தது. பெயர், பிறந்த எடை, போட்ட தடுப்பூசிகள் எல்லாம் நர்சம்மாவின் உருண்டைக் கையெழுத்தில் நீல மையில் இருந்தன. கடைசியில் சிவப்பு மையில் ஒரு வரி. அடியில் இரண்டு கோடு.

பென்சிலின் ஊசி போடக் கூடாது.

"இன்னாடி, பேரு இருக்குதா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"இருக்குதுங்க."

"அந்தச் செவப்புல இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டது மாமா.

நான் வாயைத் திறப்பதற்குள் ஊர்க்கவுண்டர் திட்டினார். "யோவ், வித்துட்டு இன்னா வெசாரணை? பேரு இருக்குதா இல்லியா, அவ்ளோதான். நீ போடுடி உள்ள."

போட்டேன். அட்டை முதலில் மடிப்பில் விரிந்தது, அப்புறம் பற்றியது.

அந்த வரியைப் படிக்கத் தெரியாவிட்டாலும் அதற்குக் காரணமானது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு நான்கு வயதில் நெஞ்சுச் சளிக்கு நர்சம்மா ஓர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் முகம் பூசணிக்காய் போல வீங்கி, மூச்சு இழுத்தது. நர்சம்மா வேறு ஓர் ஊசி போட்டு, நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்து காப்பாற்றினார். மாமா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வீங்கியது ஹில்டாவின் முகம். எங்கள் வீட்டுக்கு வந்தவள் வேறு பெண்.

புதுப் பெயர் அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. தவுட்டம்மா என்று நாலு முறை அழைத்தால்தான் திரும்புவாள். நான் ஆள் இல்லாத இடத்தில் பழைய பெயரை மெதுவாகச் சொல்வேன். உடனே திரும்புவாள். அப்படித் திரும்ப வைப்பது எனக்கு விளையாட்டு. விறகு பொறுக்கும் இடத்தில் ஒரு நாள் அம்மா அதைக் கேட்டுவிட்டாள். கையில் இருந்த சுள்ளியாலேயே என் வாயில் அடித்தாள்.

"நீயே வழி காட்டிக் குடுக்கிறியா? இன்னொரு வாட்டி அந்தப் பேரு உன் வாயிலருந்து வந்துதுன்னா வாய ஒடச்சிடுவன். அவளுக்கு இன்னா ஆனாலும் நீதான் கொன்னதுன்னு ஊரு முன்னால சொல்லுவன்."

உதட்டில் இரத்தம் வந்தது. தங்கச்சி ஓடிப்போய்க் கொஞ்சம் வெட்டுக்காயப் பூண்டு பறித்து வந்து கசக்கி வைத்தாள்.

கார்த்திகையில் சாமை அறுவடை. கதிர் அரிவாள் தங்கச்சியின் வலது பாதத்தில் பட்டது. சின்னக் காயம். ஒரு வாரத்தில் கணுக்கால் வரை வீங்கிச் சீழ் வைத்தது. தொடையில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தது. மருந்துக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. நர்சம்மா உயிரோடு இருக்கிறாரா என்றே எங்களுக்குத் தெரியாது. பாதை காய்ந்து, மரவள்ளி ஏற்ற ஊர்வரை வந்த லாரியில் அவளைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோவது என்று அம்மா முடிவு செய்தாள். போர்டு படிக்க நானும் கூடப் போனேன்.

அத்தை பலா மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். மரத்தை விட அவள் அகலம் குறைவு, ஆனாலும் புடவை தெரிந்தது. தங்கச்சி பார்த்துவிட்டாள். "அத்த நிக்குறாங்க" என்றாள் என்னிடம். பெற்றவளை அப்படித்தான் சொல்லப் பழக்கியிருந்தோம். மாமா லாரியின் பின்னால் மூட்டைகள் மேல் உட்கார்ந்து வந்தார். சுமை இறக்கும் கூலியாளாக வருவதாக டிரைவரிடம் சொல்லியிருந்தார். நாங்கள் முன்னால் இருந்தோம். கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது அவர் இறங்கி வந்து, யாரையும் பார்க்காமல், சன்னலில் ஒரு பொறை ரொட்டி வைத்துவிட்டுப் போனார்.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் போனது ஒரு தனி டாக்டரிடம். வெளியே மாமா வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். உள்ளே வரக் கூடாது. சுவரில் கடிகாரம் இருந்தது. பன்னிரண்டு இருபது.

டாக்டர் நிதானமாகப் பார்த்தார். காயத்தை முகர்ந்தார், நெறியை அழுத்தினார், ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பிறகு கேட்டார்: "இதுக்கு முன்னாடி ஊசி எதுனா ஒத்துக்காம போயிருக்காம்மா? ஒடம்பு வீங்கறது, தடிக்கிறது?"

"எங்க வூட்டுக்கு வந்ததுலருந்து ஒரு ஊசியும் போட்டதில்லீங்க" என்றாள் அம்மா.

"வூட்டுக்கு வந்ததுலருந்துன்னா?"

"தவுட்டுக்கு வாங்கின புள்ளைங்க."

கம்பவுண்டர் சிரித்தார். "அப்ப ஒரு படிக்கு மேல செலவு பண்ணாதீங்க டாக்டர்."

டாக்டர் அவரை முறைத்துவிட்டு, அம்மாவிடம் மறுபடி கேட்டார். "பொறந்ததுலருந்து கேக்கறன். பெத்தவங்க எதுனா சொன்னாங்களா?"

"பெத்தவங்க யாருமில்லீங்க."

அம்மா அப்போது என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கெஞ்சுவது போல இருந்தது. உதட்டுக் காயம் ஆறியிருந்தாலும் நாக்கால் தொட்டால் தழும்பு தெரியும். நான் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்பு வரி எழுத்து எழுத்தாக எனக்கு நினைவிருந்தது. அதைச் சொன்னால் யாருடைய அட்டை என்று கேட்பார்கள். பெயரைச் சொல்ல வேண்டிவரும். சொன்னால் அது கேட்டுவிடும், அவள் செத்துப்போவாள், கொன்றவள் நான் என்று ஆகும். ஒன்பது வயதில் இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

சன்னல் வழியாக மாமாவின் முதுகு தெரிந்தது.

டாக்டர் பென்சிலின் ஊசியை முழுதாகப் போட்டுவிடவில்லை. முன்கையில் ஒரு துளி போட்டு, பேனாவால் சுற்றி வட்டம் வரைந்து, அரைமணி பார்க்கலாம் என்றார். அவ்வளவு நேரம் ஆகவில்லை. தங்கச்சி முதலில் கழுத்தைச் சொறிந்தாள். "அக்கா, அரிக்குது" என்றாள். பிறகு உதடு. டாக்டர் ஓடிவந்தார். நான்கு வயதில் நர்சம்மா போட்ட அந்த வேறு ஊசியாகத்தான் இருக்க வேண்டும், அவரும் ஒன்று போட்டார், இரண்டு போட்டார். நெஞ்சை அழுத்தினார். கம்பவுண்டர் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். வாசலில் அவர் அவளைக் கூப்பிட்டது தெருவுக்கே கேட்டது. பழைய பெயரைத்தான் சொல்லிக் கூப்பிட்டார்.

நான் மறுபடி உள்ளே போனபோது கடிகாரம் பன்னிரண்டு ஐம்பது காட்டியது.

சாவுச் சீட்டு எழுத விவரம் கேட்டார்கள். பெயர் தவுட்டம்மா. வயது ஏழு. தகப்பன் பெயர் என்ற இடத்தில் அம்மா என் அப்பாவின் பெயரைச் சொன்னாள். மாமா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெயரை மாற்றத் தாமதமாகிவிட்டது என்பது ஊரின் தீர்ப்பு. "அது கெட்டிக்காரச் சாவு. கேட்டுக் கேட்டு வந்துகினே இருந்திருக்குது" என்றார் ஊர்க்கவுண்டர். ஊசியைப் பற்றி யாரும் பேசவில்லை. நல்ல மனிதர் அவர். அந்தக் காய்ச்சல் காலத்தில் ஊரில் பாதிப் பேருக்குக் கஞ்சி ஊற்றியது அவர் வீடு.

நர்சம்மா சாகவில்லை. மார்கழியில் திரும்பி வந்தார். முடியெல்லாம் கொட்டி, மஃப்ளர் கட்டியிருந்தார். வந்த மறுநாளே பதிவேட்டோடு வீடு வீடாக வந்தார். அத்தை வாசலில் நின்று, "ஹில்டா எங்க மக்களே?" என்று கேட்டார்.

"அந்தப் பேர்ல எங்க வூட்ல யாரும் இல்லீங்க" என்றாள் அத்தை. முறத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நர்சம்மா எங்கள் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நான் ஓடைப் பக்கம் நடந்தேன். அவரும் வந்தார். காயம், லாரி, ஊசி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட்டையக் காட்டலியா பிள்ளை?"

"எரிச்சிட்டாங்க."

"அதுல சிவப்பு மையில எழுதியிருந்தேனே."

"படிச்சன்."

அவர் பதிவேட்டை மூடினார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். மஃப்ளரை இழுத்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பிப் போனார். பதினைந்து நாளில் மலையை விட்டு இறங்கிவிட்டார். அவருக்குப் பதில் வந்தவரின் பெயரை யாரும் பிள்ளைக்கு வைக்கவில்லை.

அம்மா தொண்ணூறு வயதுவரை இருந்தாள். இதைப் பற்றி நானும் அவளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மூன்று மாதம் முன்பு என் மகள் போனில் பிள்ளைப் பெயர்கள் தேடிக்கொண்டிருந்தாள். "இது புதுசா இருக்கும்மா. நம்ம பக்கம் யாருமே வெச்சிருக்க மாட்டாங்க" என்று திரையைக் காட்டினாள். ஜெர்மானியப் பெயர், பொருள் போர், இப்போது அரிது என்று போட்டிருந்தது. வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

அந்த வருடத்துப் பொங்கலைப் பற்றி ஒன்று மட்டும் பாக்கி. தை இரண்டாம் நாள் காலை கதவைத் திறந்தது நான். அத்தை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. எங்கள் வாசலில் ஒரு படி நிறையச் சாமைத் தவிடு இருந்தது.